பிணைமானுக்குப் பிணை நிற்பவர் யார்? – கருத்தடைத் தடுப்பூசியும் காட்டு மான்களின் உடல்நலமும்

தமிழில் பெண்மானுக்குப் 'பிணை' என்று பெயர். ஆண்மான் 'கலை', இளங்கன்று 'மறி'. ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்புக்கும் 'பிணை' என்றே பெயர். இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வரும் இடம் ஒன்று நம் இலக்கியத்தில் உண்டு. உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தின் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' அது. வேடனிடம் சிக்கிய பிணைமான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாது மீண்டு வருகிறது. அதனைக் கண்ட வேடனின் நெஞ்சம் மாறுகிறது.

இப்படலத்தைப் பயிலும் மாணவர்கள் இதனை இரக்கத்தின் வரலாறாகவே கொள்வது வழக்கம். ஆயின், இரக்கத்தோடு பொறுப்பும் அதில் இணைந்திருக்கிறது. பிணை நிற்றல் என்பது விடுவித்துவிட்டு விலகிப் போவது அன்று. விடுவித்த உயிர் மீளும்வரை அதற்காக விடை சொல்லக் கடமைப்பட்டு நிற்பது.

இந்த எண்ணத்தை நெஞ்சில் இருத்தி, நம் நாட்டிற்கு மிகத் தொலைவில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வரும் ஒரு முயற்சியை இக்கட்டுரையில் காண விழைகிறோம். அளவு மீறிப் பெருகிய மான்களைச் சுட்டுக் கொல்வதற்கு மாற்றாக, பிணைகளுக்குக் கருத்தடைத் தடுப்பூசி இட்டு அவற்றின் தொகையைக் கட்டுப்படுத்தும் முயற்சி அது. கொல்லாமல் விடுவது நல்ல நோக்கமே. எனினும், நோக்கம் நல்லதாயின் விளைவும் நல்லதாகவே இருக்கும் என்று நாம் இருந்துவிடலாமா? ஊசி பெற்ற பிணையின் உடலில் என்ன நிகழ்கிறது? அது வாழும் மந்தைக்கும் அதனைத் தாங்கும் காட்டிற்கும் என்ன நேர்கிறது? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்டறிந்த விடைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெருக்கம் வந்த வழி

வட அமெரிக்காவின் காடுகளில் பெரும்பான்மையாக வாழ்வது வெள்ளைவால் மான். அஞ்சி ஓடும்போது வாலை உயர்த்தி அதன் அடிப்புற வெண்மையைக் காட்டுவதால் இப்பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்குமாக இம்மான் வரைமுறையின்றி வேட்டையாடப்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் ஐக்கிய நாடுகள் முழுவதிலும் எஞ்சியிருந்தவை 5 இலட்சத்தைத் தாண்டவில்லை என்று மதிப்பிடுகின்றனர். பின்னர் வேட்டைச் சட்டங்கள் வந்தன. மான் அற்றுப்போன பகுதிகளில் வேறிடத்து மான்களைக் கொண்டுவந்து விட்டனர். அதே காலத்தில் கிழக்கு மாநிலங்களில் மானைத் தின்று அளவில் வைத்திருந்த ஓநாயும் பூமா என்னும் பெரும்பூனையும் ஏறத்தாழ இல்லாதொழிந்தன. காத்தல் தொடர்ந்தது, குறைக்கும் இயற்கைக் காவலர் இல்லை. இன்று வெள்ளைவால் மானின் தொகை ஏறத்தாழ 3 கோடி.

நகரங்களைச் சுற்றிப் புறநகர்க் குடியிருப்புகள் பெருகியதும் மானுக்கு வாய்ப்பாயிற்று. வீட்டுத் தோட்டத்துப் பூச்செடியும் புல்வெளியும் அதற்கு ஆண்டு முழுவதும் உணவாயின. குடியிருப்புகளுக்கு நடுவே துப்பாக்கியால் வேட்டையாட இயலாது. நன்கு உண்ட பிணை பெரும்பாலும் இரட்டைக் கன்றுகளை ஈனும். ஆகவே சில ஆண்டுகளிலேயே ஒரு சிறு மந்தை இரு மடங்காகிவிடுகிறது.

இதன் விளைவுகள் சிறியன அல்ல. அந்நாட்டுச் சாலைகளில் மானும் ஊர்தியும் மோதும் நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு 10 இலட்சத்தைத் தாண்டும் என்பது காப்பீட்டு நிறுவனங்களின் மதிப்பீடு. காட்டின் அடித்தளத்தில் முளைக்கும் இளமரக் கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடுவதால், முதுமரங்கள் வீழ்ந்தபின் அவற்றின் இடத்தைப் பிடிக்க வழித்தோன்றல் இல்லாமற் போகிறது. லைம் நோயைப் பரப்பும் உண்ணி, வளர்ந்த பருவத்தில் பெரிதும் மானின் குருதியை உண்டே பெருகுகிறது. மானுக்கும் இதனால் நன்மை இல்லை. உணவு போதாத இடத்தில் மந்தை நெருங்கி வாழ்ந்தால் கடுங்குளிர்காலத்தில் கன்றுகளே முதலில் பட்டினியால் மடிகின்றன. 'ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவோம்' என்பது கேட்பதற்கு இரக்கமாகத் தோன்றினும், அதுவும் ஒருவகைக் கொடுமையே என்பதை மறத்தற்கில்லை.

இரண்டு வகை ஊசிகள்

மானின் கருத்தரிப்பைத் தடுக்கும் எண்ணம் புதியதன்று. தொடக்கத்தில் ஸ்டீராய்டு வகை ஹார்மோன்களை உணவில் கலந்தும் தோலுக்கடியில் பதித்தும் முயன்றனர். அவை உடலில் தங்கும் இயல்பின. அம்மானின் இறைச்சியை உண்ணும் பிற விலங்கின் உடலிலும் மனித உடலிலும் சேரக் கூடியன. எனவே அவ்வழி கைவிடப்பட்டது. அதன்பின் வந்ததே தடுப்பூசி வழி. நோயைத் தடுக்கும் ஊசி கிருமிக்கு எதிராக உடலைப் பழக்குகிறது. கருத்தடைத் தடுப்பூசியோ இனப்பெருக்கத்திற்கு இன்றியமையாத ஒரு பொருளுக்கு எதிராக உடலைப் பழக்குகிறது. இவ்வகையில் மான்களிடம் மிகுதியாக ஆராயப்பட்டவை இரண்டு.

முதலாவது 'பி.இசட்.பி.' எனச் சுருக்கமாக வழங்கப்படுவது. பாலூட்டிகளின் கருமுட்டையைச் சுற்றித் தெளிந்த உறை ஒன்று உண்டு. விந்தணு அவ்வுறையில் ஒட்டிக்கொண்ட பின்னரே உட்புக முடியும். பன்றியின் கருமுட்டை உறையிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைப் பிணைக்கு ஊசியாக இட்டால், அதன் உடல் அப்புரதத்தை அயற்பொருள் எனக் கொண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவ்வெதிர்ப்பொருள்கள் பிணையின் சொந்தக் கருமுட்டை உறையிலும் படிந்து, விந்தணு ஒட்டுமிடத்தை மறைத்துவிடுகின்றன. முட்டை உருவாகும், பிணை இணையை நாடும், கரு மட்டும் உண்டாகாது. இம்முறையைக் காட்டு விலங்கிடம் முதன்முதலில் வெற்றியுடன் கையாண்டவர்களுள் குறிப்பிடத் தக்கவர் ஜே கிர்க்பாட்ரிக் என்னும் அறிவியலாளர். அவரும் அவர்தம் தோழர்களும் 1988ஆம் ஆண்டு மேரிலாந்துக் கடற்கரையை அடுத்த அசட்டீக் தீவின் காட்டுக் குதிரைகளுக்கு இதனை இட்டனர். மான்களுக்கு இடுவது அதன்பின் தொடர்ந்தது.

இரண்டாவது 'கோனாகான்'. கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில் உள்ள தேசிய வனவிலங்கு ஆராய்ச்சி மையத்தில் இது உருவாக்கப்பட்டது. மூளையின் அடிப்பகுதியில் சுரக்கும் ஒரு சிறு ஹார்மோனே பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, அதன் வழியாகச் சூலகத்தை இயக்குகிறது. கோனாகான் அத்தொடக்கக் கட்டளையையே தடுக்கிறது. ஆகவே இதனைப் பெற்ற பிணையின் சூலகம் உறங்கும் நிலைக்குச் செல்கிறது. இணைவிழைச்சுப் பருவமும் குறைகிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009ஆம் ஆண்டு இதனைப் பெண் வெள்ளைவால் மான்களுக்குப் பயன்படுத்தப் பதிவு செய்தது. அப்பதிவு பூச்சிக்கொல்லிகளுக்கான சட்டத்தின் கீழ்ச் செய்யப்பட்டது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி. சட்டத்தின் கண்ணில் பெருகிய மான் ஒரு தொல்லை. அதன் தொகையைக் குறைக்கும் மருந்து தொல்லை ஒழிக்கும் பொருள்!

ஊசி பட்ட இடம்

உடல்நல விளைவுகளுள் முதலில் காணத் தக்கது ஊசி பட்ட தசையே. தடுப்பூசியின் புரதம் தனியே சென்றால் உடல் அதனைப் பொருட்படுத்தாது விடக்கூடும். ஆதலால் எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடும் துணைப்பொருள் ஒன்றை எண்ணெயோடு குழைத்துச் சேர்க்கின்றனர். அத்துணைப்பொருளில் கொல்லப்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கும். மருந்து நெடுநாள் வேலை செய்வதற்கு இதுவே காரணம். தசையில் புண் உண்டாவதற்கும் இதுவே காரணம். இரு வகை ஊசி பெற்ற மான்களையும் பின்னர் அறுத்து ஆராய்ந்தபோது, ஊசி பட்ட தசையினுள் கெட்டியான கட்டிகளும் சிலவற்றில் சீழ்க்கட்டிகளும் காணப்பட்டன. இவற்றுட் பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை. மான் நொண்டுவதோ மெலிவதோ பொதுவாகக் காணப்படவில்லை. ஆயினும், 'வெளியே தெரியவில்லை' என்பதும் 'வலிக்கவில்லை' என்பதும் ஒன்றல்ல. தன் வலியை மறைப்பது, வேட்டைக்கு உள்ளாகும் விலங்கின் இயற்கை அன்றோ?

துணைப்பொருளால் இன்னொரு சிக்கலும் எழுந்தது. தொடக்க காலத்தில் பயன்படுத்திய துணைப்பொருளில் கொல்லப்பட்ட காசநோய்ப் பாக்டீரியா இருந்தது. அதனைப் பெற்ற மான், காசநோய் இல்லாதிருந்தும், காசநோய்ச் சோதனையில் நோயுள்ளதுபோற் காட்டும் வாய்ப்பு இருந்தது. மானிடமிருந்து கால்நடைக்குக் காசநோய் பரவுமோ எனக் கண்காணிக்கும் ஒரு நாட்டில் இது சிறு குறை அன்று. எனவே நோய் விளைவிக்காத வேறு பாக்டீரியா சேர்ந்த துணைப்பொருளுக்கு மாறினர்.

ஊசியை இடும் முறையும் உடல்நலத்தைச் சார்ந்ததே. பி.இசட்.பி. மருந்தைத் தொலைவிலிருந்து துப்பாக்கி வழியே ஊசியம்பாக எய்யலாம். அம்பு எலும்பில் பட்டாலோ தவறான இடத்தில் தைத்தாலோ காயம் நேரும். கோனாகானோ கையால் இடுவதற்கே பதிவு பெற்றது. அதற்கு மானை வலையாலோ மயக்க மருந்தாலோ பிடித்தாக வேண்டும். பிடிபட்ட மான் அச்சத்தினால் உடல் வெப்பம் ஏறி, தசை சிதைந்து, விடுவித்த சில நாட்களில் இறப்பதும் உண்டு என்பது கால்நடை மருத்துவர் அறிந்ததே. மருந்தின் தீமையை மட்டும் கணக்கிட்டு, மருந்து சென்று சேரும் வழியின் தீமையைக் கணக்கிடாது விடுவது முறையன்று.

சூலகமும் நீளும் பருவமும்

பி.இசட்.பி. பெற்ற மான்களின் சூலகங்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது சிலவற்றில் அழற்சி காணப்பட்டது. கருமுட்டை உறைக்கு எதிராக எழுந்த ஆற்றல், முட்டையைத் தாங்கும் உறுப்பையும் ஓரளவு தாக்குகிறது எனக் கருதலாம். சில ஆண்டுகள் மட்டும் ஊசி பெற்ற விலங்குகள், ஊசி நிறுத்தியபின் மீண்டும் கருத்தரிக்கின்றன. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து பெற்ற குதிரைகளிடம் கருவளம் மீளுதல் மிகவும் தாமதமாவதையும் சில மீளாமலே போவதையும் கண்டுள்ளனர். ஏற்கெனவே கருவுற்ற பிணைக்கு ஊசி இட்டாலும் அக்கரு சிதைவதில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி. பிறக்கும் கன்றும் நலமாகவே வளர்கிறது.

இவற்றைவிட நுட்பமான விளைவு ஒன்று உண்டு. வெள்ளைவால் மானின் இணைசேர் பருவம் வட மாநிலங்களில் நவம்பர் மாதத்தை ஒட்டி வரும். கருவுற்ற பிணை ஏறத்தாழ 200 நாட்கள் சுமந்து, புல் தழைக்கும் மே, ஜூன் திங்களில் ஈனும். கருவுறாத பிணையோ ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை மீண்டும் பருவம் எய்தும். பி.இசட்.பி. கருவைத் தடுக்கிறதே அன்றிப் பருவத்தைத் தடுப்பதில்லை. ஆதலால் ஊசி பெற்ற பிணைகள் பிப்ரவரி வரையிலும் திரும்பத் திரும்பப் பருவம் எய்துகின்றன. கலைமான்கள் அவற்றைத் துரத்துகின்றன. இணைசேர் காலத்தில் கலைமான் உண்பதை மறந்து உடல் மெலிவது இயல்பு. அக்காலம் கடுங்குளிர் நாட்களுக்குள்ளும் நீளுமானால், சேமித்த கொழுப்பு கரைந்த உடலோடு அது குளிரை எதிர்கொள்ள நேரும். ஊசி பெறாத கலையின் மீதும் ஊசியின் நிழல் படிகிறது எனலாம்.

மருந்தின் வலிமை இடையிலே குன்றினாலோ இன்னொரு தீங்கு நேரும். பருவம் தள்ளிக் கருவுற்ற பிணை, கோடை முதிர்ந்தபின் கன்று ஈனும். அக்கன்று வளர்ந்து கொழுப்புச் சேர்ப்பதற்குள் பனி வந்துவிடும். பிறவாதிருக்கச் செய்த முயற்சி, பிறந்து வருந்துமாறு செய்துவிடுகிறது. ஆண்டுதோறும் உரிய காலத்தில் ஊக்க ஊசி இடுதல் ஏன் தவறக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

கோனாகான் பருவத்தையே அடக்குவதால் இக்குறை அதில் குறைவு. ஆனால் அதனைக் கலைமானுக்கு இட்டபோது வேறு விளைவு தோன்றியது. கலைமானின் கொம்பு ஆண்டுதோறும் முளைத்து, மேல்தோல் உரிந்து, முற்றி, உதிர்வது. அச்சுழற்சியை ஆள்வது ஆண் ஹார்மோன். ஊசியினால் அது குன்றவே, கொம்பின் தோல் உரியாமலும் கொம்பு முறையாக முற்றாமலும் போயின. ஆகவேதான் இம்மருந்து பிணைகளுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

ஈனாத பிணையின் உடல்

இதுவரை கண்டவை ஊசியின் நேர் விளைவுகள். இனிக் காண்பது, கன்று ஈனாமையினால் வரும் விளைவு. கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் தாயின் உடலிலிருந்து பெரும் பங்கைக் கொள்ளும் செயல்கள். அச்சுமை இல்லாத பிணை, குளிர்காலத்தைக் கொழுத்த உடலோடு எதிர்கொள்கிறது. அது நெடுநாள் வாழவும் கூடும். அசட்டீக் தீவுக் குதிரைகளைப் பற்றி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஊசி பெறாத பெண் குதிரைகள் இறந்த சராசரி வயது ஏறத்தாழ 6½. மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் ஊசி பெற்றவற்றின் சராசரி ஏறத்தாழ 20.

இவ்வெண்களை அப்படியே ஏற்பதற்குமுன் ஒன்றை நினைத்துப் பார்த்தல் நலம். மூன்று ஆண்டுகள் ஊசி பெற வேண்டுமாயின் அக்குதிரை அத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். இளமையிலே இறந்தவை அவ்வரிசையில் சேர இயலாது. ஆகவே வேறுபாட்டின் ஒரு பங்கு கணக்கின் அமைப்பினால் வந்தது. எனினும், மீதமுள்ள பங்கும் புறக்கணிக்கத் தக்கதன்று. தாய்மையின் சுமை நீங்கிய உடல் நெடுநாள் நிலைக்கிறது என்பதே பொதுவான முடிவு.

இங்கே ஒரு முரண் எழுகிறது. ஊசி பெற்ற பிணை நலமாக நெடுநாள் வாழ்வதால், மந்தையின் தொகை உடனே குறைவதில்லை. அது மேய்வதை நிறுத்துவதில்லை. சாலையைக் கடப்பதையும் நிறுத்துவதில்லை. தனிமானுக்கு எது நலமோ, அதுவே காட்டின் நலத்தைத் தாமதப்படுத்துகிறது. 'உடல்நலம்' என்னும் ஒரு சொல்லுக்குத் தனிமான், மந்தை, காடு என மூன்று இடங்களில் மூன்று விடைகள் உள்ளன. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதே இவ்விவாதத்தில் குழப்பத்திற்குக் காரணம்.

இன்னும் ஒன்று. எந்த மந்தையிலும் சில விலங்குகள் ஊசிக்கு இணங்குவதில்லை. அவற்றின் எதிர்ப்பாற்றல் மெலிவாக விடையளிக்கிறது. அவையே தொடர்ந்து கன்று ஈனும். தலைமுறைகள் செல்லச் செல்ல மெலிந்த எதிர்ப்பாற்றல் உடையவையே மிகுமோ, அவை நோய்க்கு எளிதில் இரையாகுமோ என்று அறிவியலார் சிலர் ஐயுறுகின்றனர். காட்டு மான்களிடம் இது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் அறிவுக்குப் பொருந்தாத ஐயமும் அன்று.

இறைச்சியும் பன்றிப் புரதமும்

நம் வாசகர்கள் உள்ளத்தில் இதற்குள் ஒரு வினா எழுந்திருக்கும். பி.இசட்.பி. மருந்து பன்றியின் சூலகத்திலிருந்து பெறப்படுகிறதே, அதனைப் பெற்ற மானின் இறைச்சி என்னாவது? அறிவியல் சொல்வது இது: ஒரு வேளை ஊசியில் உள்ள புரதம் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. புரதமாதலால் மானின் உடல் அதனைச் சிதைத்து அழித்துவிடுகிறது. இறைச்சியில் ஏதேனும் எஞ்சினும் உண்பவரின் இரைப்பை அதனைச் செரித்துவிடும். வாய்வழி உண்டால் இம்மருந்து வேலை செய்யாமைக்கும் இதுவே காரணம். ஆகவே உண்பவரின் உடல்நலத்திற்குத் தீங்கு இல்லை. அது கூடுமா கூடாதா என்பது உடல்நல வினா அன்று, மார்க்க வினா. அதற்கு விடை கூற வேண்டியவர்கள் ஆலிம்கள். அறிவியல் தன் எல்லையில் நின்று மருந்தின் இயல்பையும் அளவையும் தெளிவாக எடுத்துரைத்தால், அவர்கள் ஆராய்ந்து முடிவு கூற அது துணையாகும். கோனாகானில் பன்றிப் பொருள் சேர்வதில்லை. கடல்வாழ் மெல்லுடலியின் புரதத்தோடு செயற்கையாக ஆக்கிய ஹார்மோனைப் பிணைத்தே அதனைச் செய்கின்றனர்.

களத்தில் கண்டது

மேரிலாந்து மாநிலத்துக் கெய்தர்ஸ்பர்க்கில், வேலியிட்ட ஓர் அரசு ஆராய்ச்சி வளாகத்தில் 1990களின் இடைப்பகுதி தொட்டுப் பிணைகளுக்குப் பி.இசட்.பி. இடப்பட்டது. 1997ஆம் ஆண்டிற்கும் 2002ஆம் ஆண்டிற்கும் இடையே அங்கு மான் தொகை 27 விழுக்காடு குறைந்தது. நியூயார்க் மாநிலத்து ஃபயர் தீவில் 1993 முதல் 2009 வரை இவ்வாய்வு நடந்தது. ஊசி முழுமையாக இடப்பட்ட பகுதிகளில் மான் அடர்த்தி பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஆனால் இது பல ஆண்டுகளின் விளைவு. கோனாகானைப் பொறுத்தவரை, மேரிலாந்தில் நடந்த கள ஆய்வில் முதலாண்டு 88 விழுக்காடு பிணைகள் ஈனவில்லை. அடுத்த ஆண்டு அது 47 விழுக்காடாயிற்று. நியூஜெர்சியில் அவ்வெண்கள் 67, 43 என இருந்தன. ஒரே ஊசி ஓராண்டுக்கு ஓரளவு போதும், அதன்பின் போதாது.

இவ்வெண்கள் புலப்படுத்துவது யாது? தீவு, வேலி சூழ்ந்த வளாகம் போன்ற சிறிய, அடைபட்ட இடங்களில் இம்முறை பயன் தருகிறது. அங்கே ஒவ்வொரு பிணையையும் காதுக் குறியிட்டு அடையாளம் காண முடியும்; ஆண்டுதோறும் தேடி ஊசியிட முடியும். எல்லையற்ற காட்டில் 3 கோடி மான்களுக்கு இது கைகொடுக்காது. செலவும் ஒரு மானுக்குப் பல நூறு டாலர் ஆகிறது. அந்நாட்டில் வேட்டையின் வழியாக ஆண்டுதோறும் அகற்றப்படும் வெள்ளைவால் மான்கள் ஏறத்தாழ 60 இலட்சம் என்பதை இதனோடு ஒப்பிட்டால், ஊசியின் எல்லை விளங்கும்.

நிறை கோல்

அப்படியாயின் ஊசி நல்லதா, தீயதா? தசையில் கட்டி, சூலகத்தில் அழற்சி, நீளும் பருவம், காலந்தவறிய கன்று ஆகியவற்றை ஒரு தட்டில் வைப்போம். மறு தட்டில் குண்டடி பட்டு ஓடி ஒளிந்து மெல்லச் சாகும் மான், பனிக்காலப் பட்டினியில் மடியும் கன்று, சாலையில் நசுங்கிய பிணை, அதனோடு மோதி உயிரிழந்த மனிதர் ஆகியவற்றை வைப்போம். சிறிய இடத்தில், முறையாக, தொடர்ச்சியாக இடப்படும் ஊசி இவற்றுட் குறைந்த தீமை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அது தீமையே அற்றது என்று சொல்வது உண்மைக்குப் புறம்பு. 'கொல்லவில்லை' என்ற ஒரு சொல்லோடு கணக்கை மூடிவிடுவோர், மானின் துன்பத்தைக் குறைக்கவில்லை. தம் மனத்தின் உறுத்தலை மட்டுமே குறைத்துக்கொள்கின்றனர்.

விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை உணர்த்துகிறது. சமுதாயம் என்று கொண்டால், தாய் உண்டு, கன்று உண்டு, துணை உண்டு, வாழும் நிலம் உண்டு. ஒன்றில் கை வைத்தால் மற்றவை அசையும். மேலே கண்ட விளைவுகள் யாவும் இவ்வுண்மைக்கு விளக்கங்களே. பிணைக்கு இட்ட ஊசி கலையின் உடலை மெலிவிக்கக் கூடும். கன்றின் பிறந்தநாளை மாற்றக் கூடும். காட்டின் தளிரைக் காக்கத் தாமதிக்கக் கூடும்.

நம் நாட்டிற்கும் இப்பாடம் பொருந்தும். இமாசலப் பிரதேசத்தில் குரங்குகளுக்கு அறுவை முறையில் கருத்தடை பல்லாயிரக் கணக்கில் செய்யப்பட்டுள்ளது. யானைக்கும் பிற விலங்குகளுக்கும் இத்தகைய வழிகள் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நாளை நம் மாணவர்களுள் ஒருவர் கால்நடை மருத்துவராகவோ வனத்துறை அலுவலராகவோ அமர்ந்து, அத்தகைய ஆணையில் கையெழுத்திட நேரலாம். அவர் அன்று கேட்க வேண்டிய வினாக்கள் எளியவை. ஊசி பெற்ற விலங்கை அடுத்த ஆண்டு அடையாளம் காண்போமா? இறந்தவற்றை அறுத்து ஆராய்ந்து பதிவு செய்வோமா? தீங்கு கண்டால் நிறுத்துவோமா? அதற்கு வேண்டிய பணமும் ஆளும் பத்தாண்டுகளுக்கு உண்டா? 'ஆம்' என்று விடை கிடைக்காத இடத்தில் ஊசியை எடுக்காமல் இருப்பதே நேர்மை.

பிணை என்னும் சொல்லுக்குத் தமிழ் இரு பொருள் தந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் வாய் பேசா உயிரின் உடலில் நாம் ஒரு மாற்றத்தைச் செய்தால், அதன் விளைவு முழுதும் வெளிப்படும் வரை அதற்காக விடை சொல்லும் கடமையும் நம்மைச் சேர்ந்துவிடுகிறது. ஊசி எய்வது ஒரு நொடியில் முடியும். பிணை நிற்பது பல ஆண்டுகள் நீளும்.